தென்னிலை தாண்டித் தொறந்த கதவு

தொறந்துருச்சுங்ணா. ஓடற வண்டில. யாரும் கை வைக்கல, சத்தியமா யாரும் கை வைக்கல. தென்னிலை தாண்டி ஒரு வேகத்தடை வருமில்லீங், அதுல ஏறி எறங்கி எங்கப்பா ஆக்சிலேட்டர மிதிச்சாரு, ரோடு வலது பக்கமா வளைஞ்சுது, எடது பக்கத்துத் தள்ளுகதவு சர்ர்ருனு பின்னால போயி டமார்னு நின்னுச்சு. முழுசா. காத்து உள்ள வந்து அடிக்குது. கட்டுச்சோறு வெச்ச தூக்குப்போசி ரெண்டு உருண்டு வெளிய போயி, புளிசாதம் பூரா ரோட்டோட போச்சு. கதவோரத்து சீட்ல எங்கக்கா மேகலா. ஏழு மாசம். சேலைத் தலப்பு வெளிய பறக்குது, அவளும் அந்தப் பக்கமே சாயறா. பக்கத்துல இருந்த எங்கம்மா மணிக்கட்டப் புடிச்சு இழுத்துட்டாங்க. கை நெறைய அன்னைக்குத்தான் போட்ட கண்ணாடி வளையல். நொறுங்கிருச்சு. எட்டு வளையல். கிழிச்சு ரத்தம்.

அக்காவுக்கு ஒண்ணுமில்லீங். வயித்துல இருக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, கரூர்ல ஸ்கேன் பாத்தாச்சு. அத மொதல்லயே சொல்லிப்போடறேன், இல்லீனா கேக்கறவங்க எல்லாம் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கறாங்க, நான் சொல்ற பாயிண்ட்ட விட்டுடறாங்க.

பாயிண்ட் என்னன்னா, கதவு. பவனி வண்டிக் கதவு. நீங்களும் பவனிதானுங்களே? கீழ வெள்ளை நிக்குதே, அதுங்களா? மொத சர்வீஸா? வெள்ளையில நல்லா இருக்கும்ங்ணா அது, சூரிய வெளிச்சத்துல அந்தப் பக்கவாட்டுக் கோடு ஒண்ணு வருமே, அப்படியே... ச்சே. நல்லா இருக்காது. அந்தக் கம்பெனி வண்டி எந்தக் கலர்லயும் நல்லா இருக்காது.

டோக்கன் எத்தன? பதினேழா? இப்பத்தான் ஒம்பது ஓடுது, உக்காருங்க. காப்பி வேணும்னா அந்த மெஷின்ல மூணாவது பட்டன் அமுக்குங்க, மத்ததுல எல்லாம் சுடுதண்ணிதான் வரும். எனக்கு இந்த ஷோரூம் அத்துபடி. ஒம்பது சனிக்கெழமையா வாரேன். சனிக்கெழமதான் சர்வீசுக்குக் கூட்டம் வரும். கூட்டம் வர்ற நாளா பாத்து வந்து, இந்த சோபாவுல உக்காந்து, வர்றவங்க அத்தன பேருகிட்டயும் சொல்லுவேன். புதுசா வண்டி பாக்க வந்த மூணு குடும்பத்த திருப்பி அனுப்பிட்டேன். ஒரு பெரியவரு, "நான் டயருக்குக் காத்து அடிக்க வந்தேன் சாமி"ன்னாரு. அவருக்கும் சொன்னேன்.

இந்த வண்டிய எங்கப்பாவ வாங்க வெச்சதே நாந்தானுங்க. வேலூர்ல... பரமத்தி வேலூர்ங்க, எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. அக்கா மாசமா இருக்கறான்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன், "அப்பா, தள்ளுகதவு வண்டிதான் வேணும், குனிஞ்சு நெளிஞ்சு ஏற முடியாது அவளால." அறுபது வீடியோ பாத்தேன். மைலேஜு, பிரேக்கு, சஸ்பென்சன், எல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வெச்சேன். அப்பா சொன்னாரு, "பரிட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா நீ இந்நேரம் கலெக்டரு அம்மிணி." வண்டி வந்து மாலை போட்டு, தேங்கா ஒடச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, நாங்க எல்லாம் போட்டோ எடுக்கற அவசரத்துல நிக்கறோம், அப்ப வந்து ஒருத்தன் கதவுப் பாடம் நடத்தறான். பூபாலன்னு பேரு. இங்க சர்வீஸ் அட்வைசர். "மேடம், இந்தக் கதவுக்கு ரெண்டு சத்தம் வரும். மொத சத்தத்தோட விட்டுடாதீங்க, நல்லா ஓங்கித் தள்ளி ரெண்டாவது சத்தம் கேக்கோணும்." கதவுக்கு எதுக்குங்க ரெண்டு சத்தம்? எங்க வீட்டு பீரோவுக்கு ஒரே சத்தந்தான். சரி சரின்னு போட்டோவுக்கு நின்னுட்டேன். அது வேற விசயம்.

கட்டுச்சோத்து விருந்து அன்னைக்கு ஞாயித்துக்கெழம. அக்காவக் குடுத்திருக்கறது வெள்ளக்கோவில்ல. அங்க போயி, ஏழு வகைச் சோறு போட்டு, வளையல் போட்டு, கூட்டிட்டுக் கெளம்பறோம். தலப்பிரசவம் தாய்வீட்டுலதானுங்களே. அது எங்க பாத்தியம். அறைக்கு வெள்ளையடிச்சு, தொட்டிலுக்குக் கொக்கி அடிச்சு, எங்கம்மா பழைய வேட்டியெல்லாம் தொவச்சு மடிச்சு வெச்சாச்சு. நாலரைக்கு ராவுகாலம். நாலு இருவதுக்கு எல்லாரும், "ஏறுங்க ஏறுங்க, வெசையா ஏறுங்க"ன்னு கத்தறாங்க. அப்பா டிரைவர் சீட்ல. எனக்கு முன்சீட்டு, ஏறறதுக்கு முன்னால வெளிய நின்னு பின்கதவச் சாத்தப் போறேன். அப்பா திரும்பிப் பாத்து, "அம்மிணி, படார்னு சாத்திப்போடாத. உள்ள புள்ளத்தாச்சி இருக்கறா, தூக்கிப் போடும்."

சாத்துனம்பாருங்க ஒரு சாத்து. பூ மாதிரி. ரெண்டு கையும் வெச்சு, மெதுவ்வா, கொழந்தையப் படுக்க வெக்கற மாதிரி கொண்டு போயி வெச்சேன். டிக்குனு ஒரு சின்ன சத்தம். அவ்வளவுதான். அக்கா கண்ணு கூட சிமிட்டல, கண்ணாடி வழியா என்னப் பாத்து சிரிச்சா. அவ்வளவு மரியாதையா சாத்துன கதவுங்க அது! அது தொறக்கலாமா? நீங்களே சொல்லுங்க. ஓங்கி அடிச்சுச் சாத்தி, கதவு கோவிச்சுட்டுத் தொறந்துச்சுன்னா அது நாயம்.

பீப்பா? இல்லீங், பீப் வரல. கதவு சரியா சாத்தலீனா இதுல பீப் பீப்னு கத்துமில்ல, அத நாந்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். வாசல்ல வண்டிய நிறுத்தி, கதவத் தொறந்து வெச்சு, பாட்டுக் கேட்டாக் கூட கத்துதுங்ணா. டேஷ்போர்டுக்கு அடியில கைய விட்டு ஒரு கப்ளர, ஒயர் ரெண்டையும் சேக்கற கொக்கிங்க, அத உருவுனா போதும். ரெண்டே நிமிசம். அத வீடியோ எடுத்து வண்டிக்காரங்க குரூப்புல போட்டேன், ஒம்பதாயிரம் பேரு பாத்தாங்க. "சிந்து சிஸ்டர், நீங்க தெய்வம்"னு ஒருத்தரு போட்டிருந்தாரு. திருச்செங்கோட்டுக்காரரு.

பெல்ட்டும் போடலீங். வயித்த அமுக்கும்னு அம்மா சொல்லிட்டாங்க. அதும் போக, பெல்ட் மாட்டற கொக்கி சீட் கவருக்குள்ள போயிருச்சு. நாந்தான் ஆளப் புடிச்சுத் தெச்சுப் போட்டேன், காப்பிக் கலரு, நடுவுல வெள்ளைத் தையல், உள்ள உக்காந்தா ஏரோப்ளேன் மாதிரி இருக்கும். அது வேற விசயம். நான் கதவப் பத்திப் பேசறேன்.

எங்க வண்டிக்குப் பின்னாலயே மாமா, அக்கா வீட்டுக்காரரு, அவங்க காருல வந்துட்டு இருந்தாரு. கூட அவங்கம்மா. எங்க அத்தை. கொண்டு வந்து விட்டுட்டுப் போறதுக்கு. ரெண்டு பேரும் எல்லாத்தையும் பாத்துட்டாங்க. அத்தை எறங்கி வந்தாங்க. கத்துவாங்கன்னு பாத்தேன், கத்தல. கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தியிருப்பேன். முந்தானையக் கிழிச்சு அக்கா கையில கட்டுனாங்க. "எறங்கு கண்ணு. நம்ம வண்டில ஏறு"ன்னாங்க. அப்பா, "சம்பந்திம்மா..."ன்னு ஆரம்பிச்சாரு. "நான் சண்ட போடலீங். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மத்தத அப்பறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான். கரூர்ல காட்டிப்போட்டு, திரும்பி வெள்ளக்கோவிலுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க காலி சீட்ட வெச்சுட்டு வீட்டுக்கு வந்தோம். தெருவே ஆரத்தித் தட்டோட நிக்குது.

விடுவனா நான்? மறுநாளே இங்க வந்துட்டேன். பூபாலன் என்ன பண்ணான் தெரியுங்களா? நாப்பது தடவ. எண்ணுனேன். நாப்பது தடவ சாத்தி, நாப்பது தடவ இழுத்துக் காமிச்சான். "மேடம், ரெண்டாவது சத்தம் வந்துட்டா இது தொறக்காது. நீங்களே இழுத்துப் பாருங்க." இழுத்தேன். காலைக் கதவுல வெச்சு ஒதச்சுட்டு இழுத்தேன். தொறக்கல. அதுதான் தந்திரம்! ஷோரூமுக்குள்ள வந்தா எல்லா வண்டியும் ஒழுங்காத்தான் இருக்கும். தென்னிலையில வந்து இழுத்துப் பாருடா.

அப்பறம் டேஷ்போர்டுக்கு அடியில குனிஞ்சான். அந்தக் கப்ளரப் பாத்தான். கொஞ்ச நேரம் கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, மாட்டி விட்டுட்டான். யாரு கழட்டுனதுன்னு கேப்பான், நல்லா நாலு குடுக்கலாம்னு வாய் வரைக்கும் வெச்சுட்டு நின்னேன். கேக்கவே இல்ல. எங்கப்பா வேற பக்கத்துலயே நிக்கறாரு, கப்ளர்னா என்னன்னே அவருக்குத் தெரியாது. ரிப்போர்ட்லயும் அதப் பத்தி ஒரு வரி எழுதல. "கதவு சோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை." அவ்வளவுதான். பாருங்க, எவ்வளவு மறைக்கறாங்கன்னு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவன விடறதில்ல. இந்தக் கம்பெனிய விடறதில்ல. இந்த ஷோரூம் வாசல்ல இருக்கற அந்த ஊதுன ரப்பர் பொம்மை ஆடுதே, அதக் கூட விடறதில்ல. ஏழு அக்கவுண்ட்ல இருந்து ஒத்த ஸ்டார் போட்டேன். எங்க கடை வாட்ச்மேன் பேருல கூட போட்டேன், அவருகிட்ட போனே கெடையாது. வண்டி பின்கண்ணாடியில பெருசா செவப்புல எழுத்து வெட்டி ஒட்டுனேன்: "கதவு பத்தித் தெரியணுமா? பூபாலனைக் கேளுங்க." கீழ அவன் நம்பரு. அத ஒட்டிட்டு தெனமும் காலையில இந்த ஷோரூம மூணு சுத்து, ஹாரன் அடிச்சுட்டே. கோயிலச் சுத்தற மாதிரி. நாலு பேரு அவனுக்குப் போனப் போட்டு தேக்குக் கதவு வெல கேட்டாங்களாம். அந்தப் பைத்தியக்காரன் பொறுமையா பதில் சொல்லி, தெரிஞ்ச ஆசாரி நம்பரு குடுத்திருக்கான்! ஒருத்தரு வீட்டுக்கு வாசநெலவே வெச்சாச்சாமா.

தா, வாறான் பாருங்க. நீல சட்டை. பேசாம இருங்க.

...கேட்டீங்களா? "அக்கா எப்படி இருக்காங்க மேடம்?" ஒம்பது வாரமா இதே கேள்வி. மொத கேள்வியே இதுதான். எவ்வளவு நக்கல் பாருங்க. இந்த பிஸ்கட்டும் அவன் வெச்சுட்டுப் போனதுதான். எடுத்துக்கோங்க. நான் ரெண்டு எடுத்துக்கறேன், நல்லா இருக்கும், ஆனா அதுக்காக ஒண்ணும் மாறப் போறதில்ல.

குரூப்புல கேட்டுப் பாத்தேன். பதினஞ்சாயிரம் பேரு இருக்கறாங்க. "உங்க கதவு தொறந்துச்சா, உங்க கதவு தொறந்துச்சா"ன்னு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா போட்டேன். இல்ல, இல்ல, இல்லன்னு வருது. ஒருத்தரு, "ஒருநாள் சரியா சாத்தல சிஸ்டர், பீப் வந்துச்சு, எறங்கி மறுபடியும் சாத்துனோம்"னு போட்டாரு. பீப் வந்துச்சாமா! பெரிய சாதனை. நாலாவது நாள் அட்மின் என்னத் தூக்கிட்டாரு. அந்த வீடியோவையும் தூக்கிட்டாரு. ஒம்பதாயிரம் பேரு பாத்த வீடியோங்க. கம்பெனிக்காரன் அவருக்கும் ஏதோ சொல்லி வெச்சிருக்கான்.

வீட்லயும் எனக்கு ஆதரவு கெடையாது. அப்பா ஒரு மாசம் கழிச்சு, பழமெல்லாம் வாங்கிட்டு வெள்ளக்கோவில் போனாரு. "சம்பந்திம்மா, கதவ நாந்தான் சாத்துனேன், என் தப்புத்தான்"னு சொல்லியிருக்காரு. அத்தை, "நீங்க ஸ்டியரிங் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க, நான் வாசப்படியிலதான் நின்னேன்"னுட்டாங்க. அப்பா பழத்த வெச்சுட்டுத் திரும்பி வந்துட்டாரு. எங்கம்மா அதுக்கு மேல. அன்னைக்கிருந்து வீட்ல எந்தக் கதவையும் ஓங்கித்தான் சாத்தறாங்க. சமையக்கட்டு, பாத்ரூம், பீரோ, எல்லாம் படார் படார்னு. ஒரு தடவ சாத்திட்டு இழுத்து வேற பாக்கறாங்க. "ஏம்மா இப்படி?"ன்னா இன்னொருக்கா இழுத்துப் பாக்கறாங்க. அவங்களுக்கு என்னமோ ஆயிருச்சுங்ணா.

புதன்கெழம அக்கா போன் பண்ணா. மொட்டமாடில நின்னு, மெதுவாப் பேசறா.

"சிந்து, அத்தைக்கு கோவமெல்லாம் இல்லடி. அன்னைக்குக் கதவ சரியா சாத்தல, நாந்தான்னு உன் வாயால ஒருக்கா சொன்னா போதும்ங்கறாங்க. அன்னைக்கே கெளம்பு, நானே கொண்டாந்து விடறேன்னாங்க."

"நான் சரியாத்தான் சாத்துனேன்."

"மெதுவா சாத்துன. எனக்குத் தூக்கிப் போடக்கூடாதுன்னு. நான் பாத்தனேடி."

"அப்ப எனக்கு சாட்சி சொல்லு! கதவுல தப்புன்னு சொல்லு!"

அவ பேச்ச மாத்திட்டா. அத்தை இன்னொண்ணும் சொன்னாங்களாம். தப்பு எல்லாரும் பண்றதுதான், பண்ணிட்டேன்னு சொல்ற வீட்டுல நம்பி விடலாம், வண்டி மேல பழியப் போடற வீட்டுல எதை நம்பி விடறதுன்னு. கேட்டீங்களா பேச்ச? யாரு பழியப் போட்டா? நான் நடந்ததச் சொல்றேன். எங்கக்காவக் கூட்டிட்டு வர்றதுக்காக நான் போயி பொய் சொல்லோணுமா? கதவு தொறந்துச்சு. நான் தொறக்கல. எப்படிங்ணா அது என் தப்பாகும்?

அப்பறம் அவ, "எனக்குப் பயமா இருக்குதுடி. நம்ம வீட்டுக்கு வரோணும்"னா. அழுதுட்டா. எங்கக்கா அழ மாட்டாங்ணா. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து நான் அவளத் தள்ளி விட்டு முட்டி பேந்தப்பக் கூட அழல. தானா விழுந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொன்னா.

...

அது வேற விசயம்.

இதுக்கெல்லாம் யாரு காரணம்? கம்பெனி. நல்லா இருந்த குடும்பம். நான் சும்மா விட்டா, அப்ப தப்பு எம்மேலன்னு ஆயிருமில்லீங்ணா? ஆயிருமில்ல? அதுனாலதான் இந்த லெட்டரு. தலைமை ஆபீசுக்கு. நானே டைப் அடிச்சேன், மூணு பக்கம், எல்லாம் நடந்தது நடந்தபடி. கதவு தானா தொறந்துச்சுன்னு பத்து ஓனருங்க கையெழுத்துப் போட்டா விசாரிச்சே ஆகோணும், கோளாறுன்னு அவங்க எழுதிக் குடுத்தே ஆகோணும். அந்தப் பேப்பர எடுத்துட்டு நேரா வெள்ளக்கோவில் போவேன், அத்தை கையில குடுப்பேன், எங்கக்காவக் கூட்டிட்டு வந்துருவேன். எந்தப் பொய்யும் சொல்லாம.

கையெழுத்து இதுவரைக்கும் ஒண்ணுதான் ஆயிருக்கு. எங்கப்பாவுது. அவரும் படிச்சுப் பாக்காமத்தான் போட்டாரு, எம் மூஞ்சியப் பாத்துட்டே.

டாக்டரு சொன்ன தேதிக்கு இன்னும் இருவது நாளு. முன்னாடியே கூட வந்துரும்ங்கறாங்க. வெள்ளக்கோவில்ல பொறந்துருச்சுன்னா அப்பறம் இந்தப் பேப்பர வெச்சு நான் என்ன பண்றது?

அட, பதினேழு கூப்புட்டுட்டான். இருங்ணா, ஒரு நிமிசம், அவன் நிப்பான், எனக்காக நிப்பான். பேனா இந்தாங்க. உங்க வண்டி வாங்கி மூணு மாசம் இருக்குமில்லீங், எத்தன வேகத்தடை ஏறி எறங்கியிருப்பீங்க? ஒரு தடவ கூடவா இல்ல? முழுசா வேண்டாம். லேசா? ஒரு வெரக்கட? வளைவுல திரும்பறப்ப உள்ள காத்து வந்த மாதிரி? வீட்ல வேற யாருக்காச்சும் தோணுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்ணா, அவசரமில்ல... உங்களுக்கும் தொறந்துச்சுதானுங்களே?